விழாதவரின் தலையில் ரத்தம் தேங்குவது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. இரண்டு மாதங்களுக்கு முன்பு தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. குளித்துச் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்புவதற்குள் பின்மண்டையிலிருந்து கழுத்து வரை இழுத்துப் பிடிக்கும், படுத்தால் குறைந்துவிடும். ஒரு மாதம் கழித்து, படுத்தாலும் குறையாமல் நாள் முழுவதும் வலித்தது. சி.டி. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இரண்டு பக்கமும் பழைய ரத்தம் தேங்கியிருப்பதாகச் சொல்லி, மண்டையோட்டில் துளையிட்டு வெளியேற்றினார்கள். மூன்று வாரத்தில் மீண்டும் சேர்ந்துவிட்டது. இப்போது இரண்டாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவர் எங்கும் விழவில்லை. மதுப் பழக்கம் இல்லை. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையும் எடுப்பதில்லை. ஆனாலும் மருத்துவமனையில் "எப்போது விழுந்தார், எவ்வளவு குடிப்பார்" என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். என் மாமியார்கூட நாங்கள் எதையோ மறைப்பதாக நினைக்கிறார். விழாமலே இப்படி வருமா? மறுபடியும் அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கும் இது வருமா?
– வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விழாமலும் வரும். உங்கள் கணவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று நம்புவதற்கு உங்கள் கடிதத்திலேயே வலுவான காரணம் இருக்கிறது. எழுந்து நடமாடினால் வலித்து, படுத்தால் குறைந்த அந்த முதல் மாதத் தலைவலியைத்தான் சொல்கிறேன். இரண்டாவது அறுவைக்குக் கையெழுத்திடுவதற்கு முன், அந்த ஒரு விவரத்தை உங்கள் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். தேங்கிய ரத்தம் தலையில் இருந்தாலும், அதற்கான காரணம் அவருடைய முதுகெலும்பில் இருக்கக்கூடும்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உள்ளன. வெளியே இருக்கும் கெட்டியான உறைக்கு டியூரா என்று பெயர். அதற்கும் அதன் கீழுள்ள மெல்லிய உறைக்கும் நடுவே மெதுவாகத் தேங்கும் பழைய ரத்தத்தைத்தான் நாள்பட்ட சப்டியூரல் ரத்தத் தேக்கம் என்கிறோம். இது பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும் நோய். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவுக்குச் செல்லும் சிறு சிரைகள் நீண்டு விறைத்து நிற்கின்றன. அந்த நிலையில் குளியலறை நிலைப்படியில் தலை லேசாக இடித்தால்கூட அவற்றில் ஒன்று கிழிந்து கசியலாம். வீட்டில் யாருக்கும் அந்த இடி நினைவிலேயே இருக்காது. மூன்று நான்கு வாரங்கள் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஞாபகம் பிசகும். மதுவும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் அசிட்ரோம், வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகளும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆகவே மருத்துவர்கள் விழுந்ததையும் குடியையும் பற்றிக் கேட்பது முறையான கேள்விதான். பெரும்பாலோருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் "இல்லை" என்ற பதில் வந்த பிறகும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதால் நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்தப் பதிலோடு தேடல் வேறு திசைக்குத் திரும்ப வேண்டும்.

இந்த நோய்க்கு அடிதான் காரணம் என்ற கருத்து மருத்துவத்திலும் தொடக்கம் முதலே இருந்ததன்று. 1857-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ இதை டியூராவின் அழற்சி என்றே விவரித்தார். 1914-இல்தான் லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃப்ரெட் டிராட்டர், மறந்துபோன சிறு அடிகளால் சிரை கிழிவதே காரணம் என்று வாதிட்டார். இன்றைய அறிவு இருவருக்கும் பாதிப் பாதி நியாயம் வழங்குகிறது. முதல் கசிவுக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு உருவாகிறது. அதில் புதிதாக முளைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் எளிதில் கசிபவை. தேங்கிய ரத்தமும் உறையாமல் திரவமாகவே இருக்கும். அதனால்தான் துளையிட்டு வெளியேற்றிய பிறகும் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு மீண்டும் சேர்கிறது. ஆகவே மீண்டும் சேர்ந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அபூர்வக் காரணத்தைச் சந்தேகிக்க மாட்டேன். வயது 46, அடி இல்லை, மருந்து இல்லை, இரு பக்கமும் தேக்கம், நின்றால் கூடும் தலைவலி: இவ்வளவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால்தான் சந்தேகிக்கிறேன்.

மூளையும் தண்டுவடமும் ஒரே திரவத்தில் மிதக்கின்றன. மூளைத் தண்டுவடத் திரவம் எனப்படும் அது எந்நேரமும் சுமார் 150 மில்லி அளவில் இருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்து, பழையது உறிஞ்சப்படும். டியூரா உறை மண்டையோட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நீண்ட பையாக முதுகெலும்புக்குள் இடுப்பு வரை இறங்குகிறது. அந்தப் பையில் எங்கேனும் சிறு கிழிசல் ஏற்பட்டால் திரவம் வெளியே கசிகிறது. நிற்கும்போது மூளையைத் தாங்கப் போதிய திரவம் இல்லாமல் அது கீழே இறங்குவதால் உறைகளும் நரம்புகளும் இழுபட்டுத் தலை வலிக்கிறது. படுத்தால் அந்த இழுவை குறைகிறது. மண்டையோடு சுருங்க முடியாத பெட்டி என்பதால், குறைந்த திரவத்தின் இடத்தை வேறு ஏதாவது நிரப்பியாக வேண்டும். முதலில் சிரைகள் விரிந்து ரத்தம் நிறைகிறது, டியூரா தடிக்கிறது, பிறகு டியூராவுக்கு அடியில் நீர் கோக்கிறது, இழுபட்ட சிரைகளும் புதிய சவ்வும் கசிந்து அந்த நீர் ரத்தமாகிறது. மூளை நடுக்கோட்டில் இறங்குவதால் பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றுபோலத் தேங்குகிறது. தேக்கம் பெருத்த பிறகு நின்றாலும் படுத்தாலும் ஒரே வலியாகிவிடும். உங்கள் கணவருக்குத் தலைவலியின் குணம் மாறியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மாற்றத்தைக் கேட்டாலே நாங்கள் ரத்தத் தேக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்போம். நோயாளி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் முதல் கட்டம் கடந்துபோயிருப்பதால், "படுத்தால் குறைகிறதா" என்று கேட்டால் "இல்லை" என்பார். "ஆரம்பத்தில் எப்படி இருந்தது" என்று கேட்க வேண்டும்.

இந்தக் கசிவு தானாகவே ஏற்படலாம் என்று 1938-இல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் கியோர்க் ஷால்டன்பிராண்ட் எழுதினார். தானாக என்றாலும் காரணமில்லாமல் இல்லை. முதுகெலும்பின் டிஸ்க்கில் சுண்ணாம்பேறி முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு டியூராவின் முன்பக்கத்தைக் குத்திக் கிழிக்கலாம்; நரம்புகள் வெளியேறும் இடத்தில் உறை பலவீனமாகிப் பிதுங்கி வெடிக்கலாம்; மூன்றாவதாக, திரவம் நேரே ஒரு சிரைக்குள் வடியும் பாதை உண்டாகலாம். இந்தக் கடைசி வகை முதன்முதலில் விவரிக்கப்பட்டதே 2014-இல்தான் என்பதால், பல இடங்களில் இதைத் தேடும் பழக்கம் இன்னும் வரவில்லை. உங்கள் கணவரிடம் நிதானமாகக் கேளுங்கள்: தலைவலி தொடங்குவதற்கு முன் கனமான பொருளைத் தூக்கினாரா, நாட்கணக்கில் கடுமையாக இருமினாரா, முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொண்டாரா, முதுகில் ஊசி போட்டு மயக்க மருந்து கொடுத்து ஏதேனும் அறுவை நடந்ததா? கழுத்தை வலுவாகத் திருகிய பின் திரவம் கசிந்ததையும், உயரத்திலிருந்து சீறி இறங்கும் ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களுக்குத் தலை எங்கும் இடிபடாமலே சப்டியூரல் ரத்தம் தேங்கியதையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. காதடைத்ததுபோல் இருந்ததா, ஓசைகள் மங்கலாகக் கேட்டனவா, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தனவா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

முதுகில் ஊசி என்றதும் ஒரு விஷயத்தை எல்லா வாசகர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டவர்களில் சிலருக்கு இரண்டொரு நாளில் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, படுத்தாலும் குறையாத வலியாக மாறினாலோ, "பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. அந்தத் தாய்க்குத் தலையை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

இனி, செய்ய வேண்டிய பரிசோதனைகள். முதலில், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ. திரவக் கசிவு இருந்தால் டியூரா சுற்றிலும் ஒரே சீராகப் பளிச்சிடும், சிரைகள் பருத்திருக்கும், பிட்யூட்டரி சுரப்பி வீங்கியிருக்கும், மூளைத்தண்டு கீழே தொய்ந்திருக்கும். இதில் இரண்டு தடுமாற்றங்கள் நேரலாம். பளிச்சிடும் டியூராவைத் தொற்று என்றும், இறங்கிய சிறுமூளையைப் பிறவிக் கோளாறு என்றும் எடுத்துக்கொள்வது ஒன்று. துளையிட்ட அறுவைக்குப் பிறகு டியூரா அதனாலேயே பளிச்சிடலாம் என்பது மற்றொன்று. எனவே முதல் அறுவைக்கு முன் எடுத்த எல்லா ஸ்கேன் படங்களையும், அறிக்கைத் தாள் மட்டுமல்லாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டோடு, கையில் எடுத்துச் செல்லுங்கள். அடுத்ததாக, கழுத்து முதல் இடுப்பு வரை முழு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. உறைக்கு வெளியே நீளமாகத் திரவம் தேங்கியிருந்தால் கிழிசல் இருப்பது உறுதி. திரவம் எதுவும் தெரியாவிட்டால் சிரைக்குள் வடியும் வகையா என்று பார்க்க, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தண்டுவடத் திரவத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் மைலோகிராம் என்ற சிறப்புப் படம் தேவைப்படும். முதுகில் ஊசி குத்தித் திரவ அழுத்தத்தை அளந்து, "அழுத்தம் சரியாக இருக்கிறது, கசிவு இல்லை" என்று முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். கசிவு உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கிறது.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அவரை நேரில் பார்க்காமல் ஒற்றைச் சொல்லில் விடை தர முடியாது. ஆனால் எதைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லலாம். அவர் மயங்கி மயங்கி விழித்தால், கை கால் வலுவிழந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், வாந்தி நிற்காவிட்டால், ரத்தத் தேக்கம் மூளையை அழுத்துகிறது. அப்போது அறுவை உயிர் காக்கும், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அத்தகைய அறிகுறி எதுவுமின்றி, தலைவலியோடு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறார் என்றால், முதலில் கசிவைத் தேடுவதற்குச் சில நாட்கள் கேளுங்கள். கசிவை அடைக்காமல் தலையில் மட்டும் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தால் மீண்டும் மீண்டும் சேரும். சிலருக்கு மூளை இன்னும் கீழே இறங்கி நிலைமை மோசமாவதும் உண்டு. ஓட்டைத் தொட்டியில் மேலே தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்துகொண்டிருப்பதில் பயனில்லை அல்லவா? கசிவை அடைத்தால் பெரும்பாலோருக்குத் தலையிலுள்ள தேக்கம் துளையிடாமலே வற்றிவிடுகிறது.

அடைக்கும் முறை எளிமையானது. நோயாளியின் கைச் சிரையிலிருந்தே ரத்தம் எடுத்து, அதை அப்போதே முதுகெலும்பில் டியூராவுக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து கிழிசலை மூடும். பிளட் பேட்ச் எனப்படும் இந்தச் சிகிச்சை 1960 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு முறையில் பலன் கிடைக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் முறையும் செய்வதுண்டு. டிஸ்க் முள் குத்திய கிழிசலைச் சில வேளைகளில் முதுகில் அறுவை செய்து தைக்க நேரும். சிரைக்குள் வடியும் வகையில் பிளட் பேட்ச் அவ்வளவாக உதவாது என்பதால் அந்தச் சிரையை அடைப்பார்கள்.

வேறு இரண்டு சிகிச்சைகளைப் பற்றியும் உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் தேக்கம் கரையும் என்பார்கள்; 2020-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு மறு அறுவை குறைந்தாலும் ஆறு மாத முடிவில் உடல்நிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. மற்றது, டியூராவுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியைத் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பது. மீண்டும் சேர்வதைத் தடுக்க இது உதவுவதாக 2024-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சாதாரண வகை ரத்தத் தேக்கத்தில் இதை நான் வரவேற்கிறேன். ஆனால் முதுகில் கசிவு தொடரும்போது தலையிலுள்ள தமனியை மட்டும் அடைப்பதை முதல் சிகிச்சையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கசிவைத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். தட்டணுக்கள், உறைதல் நேரம் ஆகிய வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான உறைதல் காரணி 13 மிகவும் குறைவாக இருப்பவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். இது பரம்பரை நோய். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் கணவர் பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாட்கணக்கில் ரத்தம் கசிந்ததா என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது. ஆம் என்றால், உறைந்த ரத்தக்கட்டி யூரியா கரைசலில் கரைகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையே வழிகாட்டும். பிறகு காரணியின் அளவை நேரடியாக அளக்கலாம். குறையும் காரணியை ஈடுசெய்யும் மருந்து உண்டு.

வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து ஓசை கேட்டால், டியூராவில் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிட்ட கோளாறைத் தேட ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். புரோஸ்டேட், மார்பகம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றில் வந்த புற்றுநோய் டியூராவுக்குப் பரவி ரத்தமாகத் தேங்கியதும் உண்டு. உங்கள் கணவருக்கு அப்படி இருக்கும் என்று நான் கருதவில்லை. ஆயினும் இரண்டாவது அறுவை நடக்குமானால், எடுக்கும் சவ்வில் ஒரு துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு சிறியது. பந்து விளையாட்டில் சிறு இடிபட்ட பதின்வயதினருக்கு இப்படித் தேங்கினால் மூளையுறையில் பிறவியிலேயே உள்ள நீர்க்கட்டி காரணமாக இருக்கலாம். தலையில் நீர் சேர்ந்ததற்காக ஷண்ட் குழாய் வைத்தவர்களுக்கு, அது அளவுக்கு மீறித் திரவத்தை வடித்தாலும் இதே நிலை உண்டாகும்.

இன்னொரு வகை ரத்தக் கசிவு டியூராவுக்கு அடியில் தேங்காமல், மூளையின் மேற்பரப்பில் ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகப் படிகிறது. ரத்தத்திலுள்ள இரும்பு சிறுமூளையிலும் செவி நரம்பிலும் தண்டுவடத்திலும் படிந்து, காது மெல்ல மெல்லக் கேட்காமல் போய், நடை தடுமாறுகிறது; முகர்வுணர்வும் குறையலாம். இந்த நோயாளிகள் பல ஆண்டுகள் காது மருத்துவரிடம் சென்றுகொண்டிருப்பார்கள்; இரும்பைக் காட்டும் தனிப்பட்ட எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஓரமெங்கும் கறுப்புக் கோடு வரைந்ததுபோல் தெரியும்போதுதான் விஷயம் வெளிப்படும். தேடிப் பார்த்தால் இவர்களில் பலருக்கும் தண்டுவடத்தின் முன்புறத்தில் அதே டியூரா கிழிசல் நெடுநாளாக மூடாமல் இருக்கிறது. தலைவலி தானாக நின்றுவிட்டாலும் கிழிசலைத் தேடி அடைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போதைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை இவை. தலைவலிக்கு மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் எதுவும் வேண்டாம். இவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். எடை தூக்குவது, குனிந்து வேலை செய்வது, மலம் கழிக்க முக்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. கழுத்தில் சொடக்கு எடுப்பதும் முதுகை மிதிக்கச் சொல்வதும் இனி எப்போதும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திரவக் கசிவு பொதுவாகப் பரம்பரையாக வருவதன்று. சிலருக்கு மட்டும் இணைப்புத் திசுவிலேயே பிறவிப் பலவீனம் இருக்கும்: விரல்கள் பின்புறமாக அளவுக்கு மீறி வளையும், மூட்டுகள் அடிக்கடி நழுவும், உயரத்துக்குப் பொருந்தாமல் கைகால்கள் நீண்டிருக்கும். உங்கள் கணவரிடம் அப்படி ஏதும் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதிக்கலாம். காரணி 13 குறைபாடு உறுதியானால் மட்டும் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

பிளட் பேட்ச் செய்துகொண்ட பிறகு நான்கு முதல் ஆறு வாரம் வரை குனிதல், திரும்பி முறுக்குதல், பளு தூக்குதல் கூடாது. அந்த நாட்களில் புதிய தலைவலி வந்தால் அதன் குணத்தைக் கவனியுங்கள். முன்பு நின்றால் வலித்தது. இப்போது படுத்தால் கூடுகிறது, நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால், கிழிசல் அடைபட்டபின் திரவ அழுத்தம் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். அதற்கு அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. சிகிச்சை தோற்றுவிட்டது என்று கருதி இன்னொரு பிளட் பேட்ச் போட்டால் அழுத்தம் இன்னும் ஏறும் என்பதால், வலி எந்த நிலையில் கூடுகிறது, எந்த நிலையில் குறைகிறது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தேக்கம் முழுவதும் வற்றியதை ஸ்கேனில் பார்த்து உங்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே அவர் வேலைக்கும் வண்டிக்கும் திரும்பலாம்.